ஒரு சாண் தூரத்தில் வேப்பம்பூ

பங்குனி பிறந்தால் மதுரையைச் சுற்றியுள்ள வேம்புகளில் செம்புநிறக் கொழுந்து பச்சையாகி, பூ வெடிக்கத் தொடங்கிவிடும். வாசனை வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்பும் என்றாலும், படம் எடுக்கிறவன் விடிந்ததும் மரத்தடிக்குப் போய்விட வேண்டும். காற்று எழுந்துவிட்டால், அரை அங்குலம்கூட இல்லாத அந்த வெள்ளைப் பூ ஒரு கணம் நிற்காது.

1987இல் நான் அதை முதன்முதலாக எடுத்தது ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில். கையில் 28 மில்லிமீட்டர் நிக்கார் வைடு லென்ஸ். ஒரு ஸ்டுடியோக்காரரிடம் செகண்ட் ஹேண்டாக, மூன்று தவணையில் வாங்கியது. கல்யாணப் பந்தலில் இரு வீட்டுச் சனத்தையும் ஒரே படத்தில் அடக்கத்தான் அந்தக் காலத்தில் வைடு லென்ஸ் வைத்திருப்பார்கள். பூ எடுக்கப் போகிறேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. “தம்பி, இது ஒரு சாண் தூரம் வரைக்கும் போகஸ் ஆகும். பூவுக்கு மூக்குக்கிட்ட போ. பூவும் வரும், ஊரும் வரும்” என்றார்.

அவர் சொன்னது அளந்து சொன்ன சொல். 1981இல் நிக்கான் வெளியிட்ட அந்த லென்ஸ் 20 சென்டிமீட்டர் வரை கிட்ட நெருங்கும். போகஸ் வளையத்தைத் திருகும்போது உள்ளே கண்ணாடித் தொகுதிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மிக நெருக்கத்தில் வரும் மங்கலைத் திருத்திக்கொள்ளும். அப்பர்ச்சரை 16க்குச் சுருக்கி வைத்தால் முன்னால் பூங்கொத்து கூர்மையாக விழும். பின்னால் யானைமலை சற்றுக் கரைந்துதான் வரும். ஆனாலும் படுத்திருக்கும் யானை என்பது தெரியும். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருளைத்தான் போட்டிருந்தேன். வெள்ளைப் பூ வெளிறிய வானத்தில் தொலைந்துவிடாதிருக்க ஒரு மஞ்சள் பில்டர். வானம் கறுக்கும், பூ எழும்பும். ஒரு சுருளில் 36 படம். ஒரு பூவுக்கு மூன்று படத்துக்கு மேல் செலவழிக்க மனம் வராது.

கழுவி பிரிண்ட் போட்டுப் பார்த்தபோதுதான் இடது ஓரத்தில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். உதிரும் பூவைச் சேர்க்க மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டு, எங்கோ பார்த்தபடி இருந்தார். எடுக்கும்போது நான் பூவை மட்டும்தான் பார்த்தேன். லென்ஸ் 74 பாகை பார்த்திருக்கிறது. அப்பத்தாவுக்குப் பின்னால் தண்ணீர் வற்றிய கண்மாய், அதில் மேயும் இரண்டு மாடு, எதிர்க்கரைப் பனைகள், அப்புறம் மலை. என் வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதில் பாதி எனக்குத் தெரியாமல் வந்தது.

அதே மலையை 1858இன் தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி எடுத்திருக்கிறார். மெட்ராஸ் அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தவர். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ். நீண்ட நேரம் திறந்து வைத்தால்தான் உருவம் பதியும். அதற்குள் இலையெல்லாம் அசைந்துவிடும். அந்தக் கால ரசாயனத்துக்குப் பச்சை நிறமும் சரியாகத் தெரியாது. அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் இலைகளுக்குத் திருத்தம் செய்தார். கல் நின்றது, மரம் நிற்கவில்லை. காற்றில் ஆடும் வேப்பம்பூவை அவருடைய கேமராவால் பிடித்திருக்க முடியாது. பாண்டியர் சூடிய பூ, மதுரையின் அந்தப் பழைய புகைப்படங்களில் இல்லாமல் போனது அப்படித்தான்.

போன பங்குனியில் அந்த லென்ஸை மறுபடி எடுத்தேன். உள்கண்ணாடியில் பூஞ்சை படர்ந்து, வளையத்தில் கிரீஸ் இறுகிக் கிடந்ததைச் சுத்தம் செய்து வாங்கினேன். 1959இல் வகுத்த அதே எஃப் மவுண்ட் என்பதால் என் டிஜிட்டல் கேமராவில் நேரே பூட்டிக்கொண்டது. அந்த வேம்பு இன்னும் நிற்கிறது, அடிமரம் பருத்திருக்கிறது, பூவும் குறைவில்லை. அதே கிளை உயரம், அதே ஒரு சாண் தூரம், அதே 16. கேமராவின் பின்திரையில் பார்த்தேன். பூவுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர், வீட்டுமனைகளுக்கு நட்ட வண்ணக் கற்கள், கிழிந்த பிளெக்ஸ், ஒரு செல்போன் கோபுரம். யானையின் துதிக்கைப் பக்கம் மாடிவீடுகளுக்குள் மறைந்துவிட்டது. மரத்தடியில் சேலை விரிக்க யாரும் வரவில்லை. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேண்டிய பூ நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. 36 படத்தை எண்ணி எண்ணி எடுத்த நாளில் பூவுக்குப் பின்னால் அத்தனை இருந்தது. ஆயிரம் படம் எடுக்கலாம் என்கிற நாளில் கேமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்று மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கூட வந்த அக்கா மகன் என் தவிப்பைப் பார்த்தான். “மாமா, போர்ட்ரெய்ட் மோடுல போடுங்க. பின்னாடி எல்லாத்தையும் பிளர் பண்ணிரும்” என்று தன் செல்போனில் எடுத்தும் காட்டினான். சுவர் இல்லை, கோபுரம் இல்லை. வழவழவென்று ஒரு பச்சைப் பின்னணியில் பூ அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒத்தக்கடைப் பூவா, ஓசூர்ப் பூவா என்று யாராலும் சொல்ல முடியாது. அழகு கூடிய அந்தப் படத்தில் மலையும் போயிருந்தது.

இதை நான் ரசனைக் கோளாறாக மட்டும் பார்க்கவில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்துக்கே பூவின் பெயரை இட்டவர்கள் நாம். பூவைச் சொன்னால் மண்ணும் பொழுதும் அங்கே வாழும் மக்களும் கூடவே வருவார்கள். வைடு லென்ஸ் ஜப்பானில் செய்தது என்றாலும் அதன் பார்வை நமக்கு அந்நியமில்லை. பின்னணியைக் கரைத்துவிட்ட பூவுக்குத்தான் திணை கிடையாது.

அன்று மத்தியானமே மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டிக்கு விட்டேன் வண்டியை. அங்கே 1989இல் எடுத்த ஒரு நெகட்டிவ் உண்டு: முன்னால் ஆவாரம்பூ, பின்னால் மொட்டைப் பாறைக் குன்று. அதே இடத்தில் நின்று எடுத்தேன். ஏறக்குறைய கோடு மாறாமல் பொருந்தியது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.21 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. என் இரண்டு படங்களும் பொருந்துவதற்கு அந்த மக்கள்தான் காரணம், லென்ஸ் அல்ல.

ஒத்தக்கடைப் படத்தையும் நான் அழிக்கவில்லை. சுவரும் பிளெக்ஸும் கோபுரமும் தெரிய, பூ முன்னால் நிற்க, அப்படியே பிரிண்ட் போட்டுப் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வரும் பங்குனியில் உங்கள் தெருவில் ஒரு வேம்பு பூக்கும். கையில் இருப்பது செல்போனாக இருந்தாலும் போதும். ஒரு சாண் தூரத்துக்கு நெருங்குங்கள், பின்னால் இருப்பது எதுவானாலும் மறைக்காமல் எடுங்கள், ஊர்ப்பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.