ரீசெட் மாமா

காலை ஏழு மணிக்கு எங்கள் அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில், "நெட் எங்க வீட்ல மட்டும் இல்லையா, எல்லாருக்குமா?" என்று யாராவது கேட்டால், ஏழு ஐந்துக்கு அந்த வீட்டின் அழைப்பு மணி அடிக்கும். திறந்தால் ரீசெட் மாமா நிற்பார். வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு குட்டி டார்ச், ஓர் ஊக்கு. பேனா எழுத. டார்ச் பீரோவுக்குப் பின்னால் பார்க்க. ஊக்கின் கதை பின்னால் வருகிறது.

சென்னையில் எந்த அடுக்ககத்திலும் இவர் உண்டு. தண்ணீர் மோட்டார் போட ஒருவர், லிஃப்ட் மெக்கானிக்கோடு சண்டை போட ஒருவர், சங்கத்தின் வரவுசெலவில் குற்றம் காண ஒருவர் என்று ஆள் அமைவதைப் போல வைஃபைக்கும் ஒருவர் அமைந்துவிடுகிறார். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர். அவர் பார்த்த வேலைக்கும் தொலைத்தொடர்புக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. எங்கள் மாமா 34 வருஷம் அரசாங்கத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில வருஷத்தில் அது அவருடைய ஆபீசுக்கும் வந்தது. டெலிபோன் லைனில் மோடம் போட்ட கத்தலை "கீ...ங், க்ர்ர்ர், டொய்ங் டொய்ங்" என்று இன்றைக்கும் அச்சாகச் செய்து காட்டுவார். கட்டடத்துக் குழந்தைகளுக்கு அவர் "டொய்ங் தாத்தா".

அந்தப் பெட்டிக்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். என் மனைவி மோடம் என்கிறாள். பையன் ரவுட்டர் என்கிறான். லைன் இழுக்க வரும் தம்பிகள் ஓஎன்டி என்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா "லைட்டுப் பொட்டி" என்பார். அதுதான் சரி என்பது மாமாவின் தீர்ப்பு. கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை வாங்கி மின்குறிப்பாக மாற்றுவது, வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஓர் உள்முகவரி கொடுப்பது, எது யாருக்கு என்று பிரித்து அனுப்புவது, கம்பியில்லாமல் அறையெங்கும் பரப்புவது ஆகிய நாலு வேலையையும் அந்த ஒன்றே செய்கிறது. "எங்க ஆபீஸ்ல இதுக்கு நாலு செக்‌ஷன் இருந்திருக்கும். ஒரு ஃபைல் நகர நாலு மாசம்" என்பார். அந்தக் குரலில் இருப்பது கண்டனமா ஏக்கமா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். சில விஷயங்களில் அவர் கெட்டி. மூன்றாம் மாடியில் இருக்கும் ஐ.டி. பையன் ஒருநாள் கொதித்துக்கொண்டு வந்தான். "100 எம்பிபிஎஸ் பிளான் அங்கிள், டவுன்லோடு 12தான் காட்டுது. ஏமாத்துறாங்க." மாமா பேனாவை எடுத்தார். "தம்பி, விக்கிறவன் பிட்டுல சொல்றான். உன் கம்ப்யூட்டர் பைட்டுல காட்டுது. எட்டு பிட்டு ஒரு பைட்டு. அப்ப ஒரு பிட்டு எவ்வளவு? அரைக்கால். நூத்துக்கு அரைக்கால் பன்னிரண்டரை. சரியாத்தான் வருது, போ." பையனுக்குப் பிட்டும் பைட்டும் முன்பே தெரியும். அரைக்கால்தான் தெரியவில்லை.

முகவரி விஷயமும் அப்படித்தான். 192.168.1.1 என்று அடித்தால் பெட்டியின் உள்பக்கம் திறக்கிறது. அதே எண் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் இருப்பதைக் கண்டுபிடித்த ஒரு மாமி, தன் நெட்டை அவர்கள் திருடுகிறார்கள் என்று சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். மாமாதான் தீர்த்துவைத்தார். "எல்லா ஊர்லயும் ஒரு காந்தி ரோடு இருக்கா இல்லையா? காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டுக்கு வந்த லெட்டர் வேலூருக்குப் போகுமா?" உள்ளே மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. 1996-இல் எழுதிய விதி இன்றும் அதையேதான் சொல்கிறது. வெளியுலகத்துக்குத் தெரிவது வேறொரு முகவரி. அதுவும் பல சமயம் பல வீடுகளுக்குப் பொது. "வாட்ச்மேன் இருக்கான்ல? கூரியர்காரனுக்கு நம்ம கட்டடத்து வாசல்தான் தெரியும். எந்தப் பார்சல் எந்த வீட்டுக்குன்னு உள்ள பிரிக்கிறது வாட்ச்மேன். இந்தப் பொட்டிதான் உங்க வீட்டு வாட்ச்மேன்." மாமி சமாதானமானார். கீழே நின்ற வாட்ச்மேனும் இதைக் கேட்டுவிட்டுச் சம்பள உயர்வு கேட்டார் என்பது வேறு கதை.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் மாமாவைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கிராமத்தில் போர் போடும் முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பார்களே, அதே நடைதான். உள்ளங்கையில் போனைக் கிடத்திக்கொண்டு, கண்ணை அதிலேயே வைத்து, ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி என்று நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கும் இடம் மாதிரி ஓரிடத்தில் நின்று, "இங்க" என்பார். அந்த இடத்தில் ஏற்கெனவே மாமனாரின் படம் மாட்டியிருக்கும்.

யாரும் கேட்க மாட்டோம். செருப்பு ஸ்டாண்டின் மேலோ, டிவிக்குப் பின்னாலோ, சாமி அலமாரியில் முருகனுக்கும் விளக்குக்கும் நடுவிலோ வைப்போம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் மேல், மீன் தொட்டிக்குப் பின்னால். இரும்பும் தண்ணீரும் கண்ணாடியின் பின்பூச்சும் வைஃபை அலையைத் தடுக்கும் என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது வீடியோ திக்கும் என்றும் எச்சரித்தார். அதுவும் உண்மைதான். அந்த அடுப்பும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயேதான் குடியிருக்கிறது.

அவருக்குக் கோபம் வரவைக்க ஒரே வழி, வைஃபை பெயருக்குப் பின்னால் இருக்கும் 5ஜி-யைக் காட்டி, "எங்க வீட்ல 5ஜி வந்தாச்சு" என்று சொல்வதுதான். "இது செல்போன் 5ஜி இல்லய்யா! அது அஞ்சாம் தலைமுறை. இது 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் உண்டு, சுவர் தாண்டத் திராணி கிடையாது. படுக்கையறைக்குப் போனா 2.4-க்கு மாறிக்கோ" என்று மூச்சு விடாமல் முடிப்பார். 2.4 கிழவன், மெதுவாகப் போனாலும் இரண்டு சுவர் தாண்டுவான்; 5 வாலிபன், ஹாலில் மட்டும் ஓடுவான் என்பது அவர் கட்டிய உவமை. எந்தக் கட்சியில் அவர் இருக்கிறார் என்று சொல்லத் தேவையில்லை.

இனி விளக்குகள். பெட்டி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். "பவர் பச்சை. பான் பச்சை. லாஸ் அணைஞ்சிருக்கு. நல்லது." அந்த எல்ஓஎஸ் என்பது ஒளி வரவில்லை என்பதைச் சொல்லும் விளக்கு. கணக்குப் பிரிவில் இருந்தவருக்கு அது எப்போதும் லாஸ், நஷ்டம்தான். "சிவப்பு மைல எழுதினா நஷ்டம்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

போன போகிக்கு முதல்நாள் எங்கள் வீட்டில் அந்த நஷ்டம் வந்தது. ஒட்டடை அடித்து, பீரோவை நகர்த்தித் துடைத்து, திரும்பச் சுவரோடு தள்ளிய பத்தாவது நிமிஷம் சிவப்பு. மாமா வந்தார். பார்த்தார். பையிலிருந்து ஊக்கை எடுத்தார்.

பெட்டியின் முதுகில் ஒரு பொட்டுத் துளை இருக்கும். அதற்குள் ஊக்கைவிட்டுப் பத்து எண்ணும்வரை அழுத்தினால் பெட்டி பிறந்தமேனிக்குத் திரும்பிவிடும். அவருக்குப் பெயர் வந்தது இதனால்தான். தலைவலியோ கால்வலியோ, எதற்கும் ஒரே மாத்திரை எழுதும் டாக்டர் மாதிரி. நான் தடுப்பதற்குள் ஒன்பது எண்ணிவிட்டார்.

ஒளியே வராதபோது பெட்டியைத் திருப்பித் தொடங்கி என்ன பயன் என்பது ஒருபுறம். அழுத்தியதில் கம்பெனி உள்ளே பதித்திருந்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் மற்ற அமைப்புகளும் கூண்டோடு போயின. காலையில் ஒரு வியாதி, இப்போது இரண்டு. புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிஷம் புல்லாங்குழல் கேட்டேன். நல்ல வாசிப்பு.

பொங்கல் கழிந்து லைன் தம்பி வந்தார். இருபத்திரண்டு வயசிருக்கும். பேச்சே இல்லை. இழையைக் கழற்றி, ஒரு சின்னக் கருவியிலிருந்து சிவப்பு வெளிச்சத்தை அதற்குள் பாய்ச்சினார். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுப் பீரோவைச் சற்றே இழுத்தார். பின்னால், சுவரில் ஓர் ஆணியைச் சுற்றி, தீபாவளி மத்தாப்பு மாதிரி சிவப்பாக ஒரு வட்டம் ஒளிர்ந்தது.

"யாரு சார் இதை ஆணியில சுத்துனது?"

இணைப்பு கொடுத்த நாளில், மீந்த இழை தரையில் அசிங்கமாகக் கிடக்கக் கூடாதென்று அழகாக எட்டுச் சுற்று சுற்றி ஆணியில் மாட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் என் பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளி ஓடும் உள்தடத்தின் குறுக்களவு 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. இறுக்கி வளைத்தால் ஒளி வளைவில் கசிந்துவிடும். தெருமுனைப் பெட்டியில் ஓர் இழையின் ஒளியை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பாகப்பிரிவினை செய்துதான் அனுப்புகிறார்கள். வருகிற சொச்சத்தில் ஆணி ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தைப் பீரோ நசுக்கிவிட்டது.

தம்பி சுற்றைப் பிரித்து உள்ளங்கை அகலத்துக்குத் தளர விட்டார். சிவப்பு அணைந்தது, பச்சை நின்றது. "லைட்டு வந்திருச்சு. ஆனா யாரோ ரீசெட் பண்ணியிருக்காங்க. ஐடி, பாஸ்வேர்டு ஆபீஸ்ல கேட்டு வாங்கணும். இன்னைக்கு லீவு சார். நாளைக்குத்தான்."

மாமா ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார். அவமானத்தில் போகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் நீள நோட்டு ஒன்றோடு திரும்பினார். அரசு ஆபீஸில் வைத்திருப்பார்களே, கோடு போட்ட கனமான பதிவேடு. 16 வீடு, 16 பக்கம். இணைப்பு வந்த தேதி, பெட்டியின் வரிசை எண், யூசர் ஐடி, பாஸ்வேர்டு, அன்று வந்த ஒளியின் அளவு, வந்த ஆளின் பெயர். கடைசிப் பத்தியில் அவருடைய சுருக்கொப்பம். எங்கள் வீட்டு வரியில் விரலை வைத்துத் தம்பி அடித்தார். நெட் வந்துவிட்டது.

"இந்த மாதிரி எங்க ஆபீஸ்லயே இல்லைங்க ஐயா" என்றார் தம்பி. அன்று முழுக்க அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் "ரகசியம்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறது. தான் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் யாருக்காவது அவசரமென்றால் உதவட்டும் என்று, மாமா அதை வாசலில் வாட்ச்மேன் மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் போகிறார். ஊக்கையும் அட்டையிலேயே குத்தி வைத்திருக்கிறார்.