இரண்டு வெள்ளிக் காவலர்

மலேசியாவில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இவர் ஒருவர் இருப்பார். ஐம்பதைத் தாண்டிய வயது. பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார். முன்கூடையில் என்றோ நனைந்து இன்றுவரை காயாத மழைக்கோட்டு. இடுப்பில் ஜிப் வைத்த பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் காக்கி உறை, அதற்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. அந்தக் கட்டின் நடுவில், கர்ப்பக்கிரகத்தில் சாமி இருப்பதுபோல, அவருடைய மோட்டாரின் ரோட் டெக்ஸ்.

மோட்டார் எங்கே என்று கேட்டால் வாசலில் நிற்கிறது. சாவி எங்கே என்று கேட்டால் அதிலேயே தொங்குகிறது. "சாவி தேஞ்சு போச்சு தம்பி, எடுத்தா மறுபடி உள்ள போக மாட்டேங்குது" என்பார். வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா? "இந்தக் கிழட்டு வண்டிய எவன் தூக்குவான்?" என்று சிரிப்பார். அதே வாயால் அடுத்த நிமிடம், "ரோட் டெக்ஸ வெளிய மாட்டாத. கண்டிப்பாத் தூக்கிருவான்" என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குப் புத்தி சொல்வார்.

இவரைப் பத்திர அங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சிரிப்பதற்கு முன் அவர் பக்க நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். ரோட் டெக்ஸ் என்கிற சாலை வரி கட்டியதற்கான சீட்டை வண்டியில் வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது பல காலம் சட்டமாக இருந்தது. அதை எழுதியவர்களின் மனக்கண்ணில் கார்தான் ஓடியிருக்க வேண்டும். காருக்கு முன்கண்ணாடி உண்டு. உள்பக்கமாக ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டினால் வேலை முடிந்தது. மோட்டாரில் கண்ணாடி என்று இருப்பதெல்லாம் பின்னால் வரும் லாரியைப் பார்க்கிற இரண்டு வட்டங்கள்தாம். ஆகவே கடையில் ஒரு பிளாஸ்டிக் கூடு வாங்கி, அதில் சீட்டைச் செருகி, ஒரே ஒரு ஸ்குருவில் மாட்ட வேண்டியிருந்தது. அந்த ஸ்குருவைத் திருகி எடுக்கப் பத்துக் காசு நாணயம் போதும்.

சரி, எவன் எடுப்பான்? 150 சிசி வரைக்கும் உள்ள மோட்டாருக்கு ரோட் டெக்ஸ் வருஷத்துக்கு இரண்டு வெள்ளி. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடிக்கிற காசு. மோட்டார்காரர்களிடம் அரசாங்கம் எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்துகொள்ளும். நெடுஞ்சாலைகளில் டோல் வாங்குவதில்லை. பினாங்குப் பாலத்தில் வாங்கிக்கொண்டிருந்த 1.40 வெள்ளியையும் 2019 பிறந்ததும் விட்டுவிட்டார்கள். இப்படி ஒரு நாட்டில் இரண்டு வெள்ளித் தாளைத் திருடி யார் மாடிவீடு கட்டப் போகிறார்கள்?

சூட்சுமம் இன்சூரன்சில் இருக்கிறது. இன்சூரன்ஸ் போடாமல் ரோட் டெக்ஸ் எடுக்க முடியாது. சின்ன மோட்டாருக்கும் அது நூறு வெள்ளிக்கு மேல் இழுத்துவிடும். அந்தக் காசு கையில் இல்லாதவனும், ஓட்டுகிற வண்டியே தன்னுடையதாக இல்லாதவனும் இரவில் ஒரு நடை நடப்பான். அடுத்தவன் சீட்டு இவன் வண்டிக்கு இடம் மாறும். அதில் பதிவு எண் அச்சாகியிருக்கும்தான். ஆனால் தூரத்தில் நிற்கிற போலீஸ்காரருக்குச் சீட்டு இருப்பது தெரிந்தால் போதாதா என்பது அவன் கணக்கு. பறிகொடுத்தவனோ போலீஸ் ரிப்போர்ட், அரை நாள் லீவு, நம்பர் எடுத்து உட்கார்ந்து நகல் சீட்டு என்று அலைய வேண்டும். திருடன் வராவிட்டால் மழை வரும். நம் ஊர் மழைக்குப் பிளாஸ்டிக் கூடு ஒரு பொருட்டா? மழை விட்டால் வெயில். மூன்றாம் மாதத்தில் மை வெளுத்து, கட்டியது எந்த வருஷத்து வரி என்பது கட்டியவருக்கே மறந்துவிடும்.

ஆகவே மாமாக் கடை மேசையில் இரண்டு கட்சிகள் உருவாயின. மாட்டுகிற கட்சி, மடியில் வைக்கிற கட்சி. முதல் கட்சிக்காரர்கள் சட்டம் பேசுவார்கள். "மாட்டலன்னா சம்மன் வரும் பாஸ்." இரண்டாவது கட்சிக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாமே பத்திர அங்கள்தான். "சம்மன் வந்தா காட்டிக்கலாம். காணாமப் போனா எதைக் காட்டுவ?" கேட்க நன்றாகத்தான் இருக்கும். காட்டுகிற நேரம் வரும்போதுதான் தெரியும்.

காப்பார் சாலையில் ஒரு ரோட் பிளாக். இளம் போலீஸ்காரர் கை காட்டுகிறார். "ரோட் டெக்ஸ் மானா?" எங்கே என்கிறார். "அடா துவான், அடா" என்று இறங்குகிறார் அங்கள். இருக்கிறதாம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டுகிறார். மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார். ஜிப் பாதியில் சிக்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் உறை வெளியே வருகிறது. அதிலிருந்து பிறப்புப் பத்திரத்தின் நகல், மின் கட்டண ரசீது, கோயில் உபயச் சீட்டு, மகளின் எஸ்.பி.எம். சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வந்து மோட்டார் சீட்டின்மேல் அடுக்கப்படுகின்றன. பின்னால் இருபது மோட்டார்கள் ஹாரன் அடிக்கின்றன. போலீஸ்காரர் எஸ்.பி.எம். சான்றிதழைக் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டு, மலாய் மொழியில் ஏ எடுத்திருக்கிறாளே என்று பாராட்டுகிறார். ரோட் டெக்ஸ் வந்து சேரும்போது அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அங்கள் அவர் பின்னாலேயே நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தார். காட்டாமல் போனால் மனசு கேட்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மோட்டாரை மகன் எடுத்துக்கொண்டு போவான், ரோட் டெக்ஸ் அப்பாவின் இடுப்பில் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு போன் வரும். "ப்பா, புடிச்சிட்டாங்க. ரோட் டெக்ஸ் எங்க?" "பத்திரமா இருக்குடா, கவலப்படாத." மகனுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது வேறு ஆறுதல்.

இதற்குப் பிறகுதான் போட்டோஸ்டேட் யுகம் தொடங்கியது. கலரில் ஒரு நகல் எடுத்து, வட்டமாக வெட்டி, லேமினேட் செய்து, மோட்டாரில் மாட்டினார். அசல் இடுப்பில். இடுப்பே தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டு அலமாரியில் இன்னொரு நகல். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வரியைவிட லேமினேட் செலவு கூடிப்போயிருந்தது. "ஏங்க, ரெண்டு வெள்ளிப் பேப்பருக்கு அஞ்சு வெள்ளிச் சட்டையா?" என்று கேட்டார் அவர் மனைவி. அங்கள் பதில் சொல்லவில்லை. ஒரே மாதத்தில் அந்த நகலையும் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொருள் போன வருத்தம் துளியும் இல்லை. "நான் சொல்லல?" என்று கடை கடையாகப் போய்ச் சொன்னார். திருடன் மேல் ஒரு நன்றியே வந்துவிட்டது போலிருந்தது. இத்தனை வருஷம் அவர் பேச்சை மெய்யாக்கிக் காட்டிய ஒரே ஆள் அவன்தான்.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர் தலைமுறையின் அப்பாக்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதற்காகக் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு கிழடு தட்டியவர்களை இவர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லாமல் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய குடும்பங்களின் கதை இவர்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டப்பட்டது. ஆள் இருப்பதற்கு ஆள் சாட்சி இல்லை, தாள்தான் சாட்சி என்று பட்டுத் தெரிந்துகொண்ட வீடுகளில் இரண்டு வெள்ளித் தாளும் தாள்தான். ஆனாலும் சாவியையாவது எடுத்து உள்ளே வைக்கலாம்.

2023 பிப்ரவரி 10 அன்று அரசாங்கம் அங்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. குடிமக்களின் தனியார் வாகனங்களில் இனி ரோட் டெக்ஸ் சீட்டை ஒட்ட வேண்டியதில்லை, மைஜேபிஜே செயலியில் எல்லாம் இருக்கும், லைசென்ஸையும் கையில் வைத்திருக்கத் தேவையில்லை என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். மாமாக் கடையில் இரண்டு கட்சிகளும் கலைந்தன. மாட்டுவதா வேண்டாமா என்று இத்தனை வருஷம் கரைத்துக் குடித்த தே தாரிக் அத்தனையும் வீண். படித்த பையன் ஒருவன், இந்த வட்டச் சீட்டை 1921இல் தொடங்கிய இங்கிலாந்தே 2014 அக்டோபரோடு அதைக் கைவிட்டுவிட்டது என்று எடுத்துச் சொன்னான். "வெள்ளைக்காரன் வுடுவான். அவன்கிட்ட வேற பேப்பர் இருக்கும்" என்றார் அங்கள்.

மகன் செயலியை இறக்கிக் கொடுத்தான். ரோட் டெக்ஸ் போனுக்குள் போனது. போனோ மோட்டாரின் ஹேண்டிலில், வழி பார்ப்பதற்காக மாட்டிய பிடியில் உட்கார்ந்தது. இரண்டு வெள்ளித் தாளை உறைக்குள் உறையாக ஒளித்துவைத்தவர், ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி போனை ஊர் பார்க்க நீட்டிக்கொண்டு கிள்ளான் முழுக்கச் சுற்றி வந்தார். அதை யாரும் தூக்கிவிடுவார்கள் என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. அவரைக் குடைந்த கவலை வேறு. பேட்டரி செத்துவிட்டால்? லைன் கிடைக்காவிட்டால்? ஒரு வாரம் யோசித்தார். பிறகு செயலியில் தெரிவதைப் படம் பிடித்து, போட்டோஸ்டேட் கடைக்கு அனுப்பி, கலரில் அச்சடித்து, லேமினேட் செய்து, காக்கி உறைக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்று கேள்வி.

சமீபத்தில் அதே காப்பார் சாலையில் மறுபடியும் ரோட் பிளாக். போலீஸ்காரர், போகலாம் போகலாம் என்று எல்லாரையும் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கள் நிறுத்தினார். இறங்கினார். ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தார். "தா பாயா, அங்கள்," வேண்டாம் என்றார் போலீஸ்காரர். "சாபார் துவான்," பொறுங்கள் என்றார் அங்கள். உறைகள் வரிசையாக வெளியே வந்தன. போலீஸ்காரருக்கு நிற்க வேண்டியதாகிவிட்டது. சும்மா நிற்பானேன் என்று வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"தாயர் போத்தாக், அங்கள்."

டயர் மொட்டை. பார்த்தால் முகம் தெரியும் அளவுக்கு மொட்டை. சம்மன் எழுதிக் கொடுத்தார். அங்கள் அதை இரண்டு கையாலும் வாங்கி, பெயரும் ஐ.சி. நம்பரும் சரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து, மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். நேராகப் போட்டோஸ்டேட் கடைக்கு வண்டியை விட்டார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

"தம்பி, ரெண்டு காப்பி. ஒண்ணு லேமினேட்."