தலை தேய்ந்த சிறு திருகாணியைக் கழற்றுதல்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

தலை தேய்ந்த திருகாணி என்பது, தலையிலுள்ள பள்ளம் உருக்குலைந்து ஸ்குரூ ட்ரைவருக்குப் பிடிகொடுக்க மறுப்பதும், அதேவேளை தன் புரியால் பொருளை முன்போலவே இறுகப் பற்றியிருப்பதுமான ஆணியாகும். வரையறையின் பிற்பாதி இன்றியமையாதது. தலையும் தேய்ந்து பிடியும் தளர்ந்த ஆணி தானாகவே விழுந்துவிடும். அதற்குப் புலமை தேவையில்லை, விளக்குமாறு போதும். "சிறு" என்ற அடைமொழி இங்கே புரியின் வெளிவிட்டம் 4 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்ததுமான ஆணிகளைக் குறிக்கும். மூக்குக்கண்ணாடியின் கால், கைத்தொலைபேசியின் முதுகு, மேசை மின்விசிறியின் கூடு, மோட்டார் சைக்கிள் காபரேற்றரின் அடிக்கிண்ணம் ஆகியவற்றில் இருப்பவை இந்த இனத்தைச் சேர்ந்தவை.

கூரைத் தகட்டு ஆணிகளும் வள்ளத்துப் போல்ட்டுகளும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தோட்டின் சுரையும் மூக்குத்தியின் திருகாணியும் இப்பகுதியின் மிகப் பழைய சிறு புரிகளே. ஆயினும் அவற்றுக்குத் தலைப்பள்ளம் கிடையாது. இறுகினால் முதலில் சவர்க்காரம், பிறகு ஒரு பெரியம்மா, அதற்கும் மசியாவிட்டால் பத்தர் என்று சிகிச்சை வரிசை என்றோ நிலைபெற்றுவிட்டது. அத்துறையில் ஆய்வாளருக்கு விட்டுவைக்கப்பட்ட இடைவெளி எதுவுமில்லை.

ஒரே அளவான புரியை இரும்பில் திரும்பத் திரும்ப வெட்டும் கடைசல் பொறியை ஹென்றி மோட்ஸ்லே 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் செம்மைப்படுத்தினார். 1841இல் ஜோசப் விட்வேர்த் புரியின் கோணத்தை 55 பாகை என்று வகுத்தார். இன்றைய மெட்ரிக் புரிக்கு அது 60 பாகை. புரியைப் பற்றி உலகம் இவ்வளவு கவலைப்பட்ட காலத்தில், தலையைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நேர்கோடாக ஒரு வெட்டு, அவ்வளவுதான். 1908இல் கனடாவின் பீற்றர் றொபேட்சன் சதுரப் பள்ளத்தைக் கொண்டுவந்தார். தட்டை ட்ரைவர் வழுக்கிக் கையைக் கிழித்ததுதான் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது என்பர். ஜோன் தொம்சன் என்பவரின் சிலுவைப் பள்ளத்தை வாங்கித் திருத்திய ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார். அது உடனே காடிலாக் காரில் ஏறியது. பிறகு உலகின் எல்லாப் பொருள்களிலும் ஏறியது. மட்டக்களப்புக் கடைகளில் "ஸ்டார்" என்று கேட்டால் எடுத்துத் தரப்படும் ட்ரைவர் இதற்குரியதே.

பிலிப்ஸ் பள்ளத்தின் சுவர்கள் நேர்க்குத்தாக இல்லை, உள்நோக்கிச் சரிந்தவை. ஆகவே திருப்பும் விசையின் ஒரு பங்கு ட்ரைவரை மேலே தள்ளிவிடுகிறது. கீழ்நோக்கி அழுத்துபவர் அந்தத் தள்ளலை ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யாதபோது ட்ரைவர் ஏறி வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலும் சுவரில் ஒரு சீவலை உரித்தெடுக்கும். ஆணி அளவுக்கு மீறி இறுகாதிருக்கவே இப்படி வேண்டுமென்று வடிவமைத்தார்கள் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. முதற் காப்புரிமையில் அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை. குறையைக் கொள்கையாக உயர்த்துவது பொறியியலுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று என்பதால் அக்கதையை இங்கே மேலும் விசாரிக்க வேண்டியதில்லை.

இப்பகுதியைப் பொறுத்தவரை முதன்மையான குற்றவாளி வேறொருவர். வடக்கிலும் கிழக்கிலும் இன்றும் உயிரோடு ஓடும் ஹொண்டா எம்.டி.90, சாளி போன்ற வண்டிகள் யப்பானில் பிறந்தவை. அவற்றின் சிலுவைப் பள்ளம் யப்பானியத் தரமான ஜிஸ் முறைப்படி அமைந்தது. கண்ணுக்கு அது பிலிப்ஸேதான். ஆனால் பிலிப்ஸ் ட்ரைவரின் மூக்கு அந்தப் பள்ளத்தில் முழுமையாக அமராது. அடியைத் தொடாமல் மேற்சுவர்களில் மட்டும் தொங்கி நிற்கும். அந்நிலையில் திருப்புவது ஆணியைக் கழற்றும் முயற்சி அல்ல, பள்ளத்தைக் கடையும் தொழில். பல யப்பானிய ஆணிகளின் தலையில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளிக் குழி இருக்கும். "எனக்குரிய ட்ரைவர் வேறு" என்ற அறிவிப்பு அது. எண்ணெய்ப் பிசுக்கின் அடியில் கிடப்பதால் வாசிப்பாரின்றிப் போனது.

அடுத்த காரணம் புவியியல். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி தரையை இரண்டாகப் பிரிக்கிறது: கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாகப் படுவான்கரை. எழுவான்கரையிலுள்ள கல்லடியில் ஓர் ஆணிக்கு இருபுறமும் உப்பு. காற்றில் வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிறு ஆணியின் நாகப்பூச்சு சில மைக்ரோமீற்றர் தடிப்பே ஆகையால் நெடுங்காலம் தாங்காது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். புரிகளுக்கிடையே அந்த இடம் இல்லாததால் ஆணி இறுகுகிறது. அலுமினிய உடலில் இரும்பு ஆணி என்றால் உப்புநீர் இரண்டையும் ஒரு பட்டரியாக மாற்றி, அலுமினியத்தை வெண்தூளாக அரிக்கவும் செய்யும். படுவான்கரை ஆணிகளின் நோய் வேறு. அங்கே இறுக்குவது உப்பு அல்ல, உரிமையாளர். குன்றும் குழியுமான பாதையில் அதிர்ந்து ஒருமுறை கழன்று விழுந்த ஆணியை மறுமுறை "இனி எப்படிக் கழலுதென்று பார்ப்போம்" என்ற உறுதியோடு முடுக்குவதால் வருவது அது. ஆகவே நோயின் காரணத்தால் எழுவான்கரை வகை, படுவான்கரை வகை என இரு பிரிவுகள் கொள்ளலாம். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் இரு கரைகளையும் இணைத்து இவ்விரு பிரிவுகளையும் கலந்துவிட்டது என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும்.

மனிதக் காரணங்களில் பால்மாப் பேணிக்குத் தனி இடம் உண்டு. வாவிக்கரையில் ஆணிப் பேணி இல்லாத வீடு அரிது. உதிரிப்பாகம் கிடைக்காத போர்க்காலத்தில் ஓர் ஆணியும் வீசப்படவில்லை. அரைகுறைத் தலையோடு கழன்ற ஆணி பேணிக்குள் ஓய்வெடுத்து, மற்றொரு பொருளில் மறுபிறவி எடுத்தது. இன்று கழல மறுக்கும் தலை பெரும்பாலும் முந்திய பிறவியிலேயே பாதி தேய்ந்தது. இதனால்தான் தேய்த்தவர் யார் என்ற கேள்விக்கு வாவிக்கரை எங்கும் ஒரே விடை கிடைக்கிறது: முன்பு திருத்தியவர். எவரைக் கேட்டாலும் அவருக்கு முந்தியவரையே சுட்டுவார். இச்சங்கிலி பின்னோக்கி எங்கே முடிகிறது என்பது தர்க்க நூலாருக்கு விடப்பட வேண்டியது.

ட்ரைவருக்கும் தலைக்கும் நடக்கும் இப்போரை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டு உதவும். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த அவ்விளையாட்டில் கோவலன் பக்கமான வடசேரியும் கண்ணகி பக்கமான தென்சேரியும், வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, முறியும்வரை இழுப்பார்கள். முறிந்த பக்கம் தோற்ற பக்கம். வென்றவர் தோற்றவரை வசை பாடலாம். திருகாணி விடயத்தில் வேறுபாடு, இழுப்பதற்கு முன்பே முடிவு தெரியும் என்பது. ட்ரைவரின் மூக்கு கடினமாக்கிய உருக்கு. சிறு ஆணி மென்மையான இரும்பு. தலைதான் முறியும். வென்றவர் வசையும் பாடுகிறார்; ஆனால் வெற்றியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

தேய்வு மூன்று நிலைகளில் முதிர்கிறது. சிலுவையின் விளிம்புகள் மட்டும் பளபளப்பது பளபளப்பு நிலை. சிலுவை வட்டமாகி, உள்ளே மழைநீர் தேங்கக்கூடிய பக்குவம் அடைவது கிண்ண நிலை. தலையே போய்த் தண்டு மட்டும் எஞ்சுவது மொட்டை நிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்குச் செல்ல வேண்டிய நேரம் பார்வையாளர் தொகையைப் பொறுத்தது. ஒருவர் தனியே திருத்தும்போது ஆணி நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். வேலியால் எட்டிப் பார்த்தவர் "கொண்டா பார்ப்பம்" என்று வாங்கியதும் வேகம் கூடும். அடுத்தவர் குசினிக் கத்தியோடு வருவார். கடைசியில் வரும் முதியவர் கை வைக்கமாட்டார். கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "உடு மனே, தல போயித்து" என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். நோயறிதலில் இதுவரை அவர் பிழைவிட்டதில்லை.

சிகிச்சைக்கு முன் திசையைத் தீர்மானிக்க வேண்டும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும் என்பது பொதுவிதி. மேசை மின்விசிறியின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடியும், சைக்கிளின் இடது மிதிகட்டையும் மறுபுரி உடையவை. அவை வலஞ்சுழியாகவே கழலும். விசிறி மூடியை முழுப்பலத்தோடு மேலும் இறுக்கிவிட்டு, உள்ளேயிருக்கும் அப்பாவி ஆணிகள்மேல் பழியைப் போடும் வழக்கம் வெக்கை மாதங்களில் மிகுதி.

பளபளப்பு நிலைக்குப் பொருத்தமான ட்ரைவரே மருந்து. பள்ளத்திலுள்ள அழுக்கை ஊசிமுனையால் தோண்டி எடுத்து, மூக்கை நேராக நிறுத்தி, பின்புறத்தில் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் மூக்கு அடியில் அமரும். புரியிலுள்ள துருவும் சற்று உடையும். பிறகு பலத்தில் முக்கால் பங்கை அழுத்தத்துக்கும் கால் பங்கைத் திருப்புதலுக்கும் செலவிட வேண்டும். பெரும்பாலோர் இந்தக் கணக்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூக்குக்கும் பள்ளத்துக்கும் இடையில் பழைய சைக்கிள் ரியூப்பின் மெல்லிய துண்டொன்றை வைக்கும் முறையும் உண்டு. இறப்பர் இடைவெளியை நிரப்பிப் பிடியைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் லேசாக இறுகிய ஆணிக்கு மட்டுமே அது செல்லும். கராஜில் கிடைக்கும் வால்வு அரைக்கும் பசை ஒரு சொட்டு இதைவிட நம்பகமானது. அதிலுள்ள உராய்துகள்கள் இரு உலோகங்களையும் கடித்துக்கொள்ளும்.

துருப்பிடித்த எழுவான்கரை வகைக்கு எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, ஆணித் தலைக்கு அல்ல. தடிப்பு மிகுந்ததால் புரியின் நுண்ணிடைவெளிக்குள் ஊறாது. மண்ணெண்ணெய் ஊறும். 1953இல் அமெரிக்காவில் ஏவுகணைகளுக்குத் துருக் காப்பாக உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி.40உம் ஊறும். எதுவானாலும் ஓர் இரவு விட வேண்டும். பிளாஸ்டிக் கூடுகளில் மட்டும் அளவறிந்து விட வேண்டும். சில பிளாஸ்டிக்குகள் இவற்றால் மங்கி வெடிக்கும்.

சூடு அடுத்த படி. பற்றாசு வைக்கும் இரும்பின் முனையைத் தலையில் அழுத்தினால் ஆணி விரியும். 2 மில்லிமீற்றர் தண்டு 100 பாகை சூடேறினால் விரிவது வெறும் 2.4 மைக்ரோமீற்றர்தான்; ஆனாலும் துருவின் பிடியை விரிசலாக்க அது பெரும்பாலும் போதும். கைத்தொலைபேசியில் பட்டரிக்கு அருகே இதைச் செய்யக்கூடாது. பிளாஸ்டிக்குக்குள் பதித்த பித்தளைச் சுரையில் செய்தால் ஆணியோடு சுரையும் கழன்று வரும். அதையும் ஒருவகை வெற்றி என்று சொல்பவர் உண்டு.

இப்படியெல்லாம் செய்து ஆணி இளகும் கணத்தில் ஒரு சிறு "டிக்" ஒலி எழும். வழுக்கும்போது எழும் "கிறீச்"சிலிருந்து அது தெளிவாக வேறுபட்டது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இரவில் தோணியேறி, வாவிக்குள்ளிருந்து வந்த இசையைக் கேட்டு விரிவாக எழுதிவைத்தார். கரையிலிருந்து வரும் இந்த ஒலியைப் பதிவுசெய்ய மட்டும் எந்த அறிஞரும் தோணி பிடிக்கவில்லை.

கிண்ண நிலைக்கு அறுவைச் சிகிச்சை. இரும்பறுக்கும் வாளின் அலகால் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டால் தட்டை ட்ரைவர் பிடிக்கும். மோட்ஸ்லே காலத்துத் தலைக்கே திரும்பும் முறை இது. அதற்குத் தலை வெளியே தெரிய உட்கார்ந்திருக்க வேண்டும். 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆணிகளில் வெட்டு முடியும்போது வெட்டுவதற்குத் தலை இருக்காது. தலையின் ஓரத்தில் சிறு உளியைச் சாய்த்து வைத்து இடஞ்சுழித் திசையில் தட்டுவது ஓடாவிமார் வழக்கம். சூப்பர் குளூவால் ட்ரைவரையே தலையில் ஒட்டிவிடும் முறையை இளைஞர் விரும்புகின்றனர். ஒட்டு விடாமல் பிடித்தால், இரவல் வாங்கிய ட்ரைவரைத் திருப்பிக் கொடுப்பதில் புதிய ஆய்வுப் பிரச்சினை ஒன்று தோன்றும்.

எல்லாம் தோற்றால் துளைப்பான். தண்டின் விட்டத்துக்குச் சமமான அலகால் தலையின் நடுவைத் துளைத்தால், தலை வளையமாகக் கழன்று அலகில் ஏறிக்கொள்ளும். மூடியைத் தூக்கிப் பார்க்கும்போது வியப்பு காத்திருக்கும்: இவ்வளவு அடம்பிடித்த ஆணியின் எஞ்சிய தண்டு பல வேளைகளில் குறட்டால் மெல்லத் திருப்பினாலே வந்துவிடும். தலைக்கும் பொருளுக்கும் இடையிலிருந்த இழுவிசையே இறுக்கத்தின் பெரும்பங்கு; தலை போனதும் அதுவும் போய்விடுகிறது. துளைத்து உள்ளே முறுக்கும் பிரித்தெடுப்பான் என்ற கருவி சிறு ஆணிகளுக்கு ஆகாது. அது கடினமான, நொறுங்கும் உருக்கு. உள்ளே முறிந்தால் சாதாரணத் துளைப்பான் எதுவும் அதைத் தொடாது.

கழன்றபின் துளையின் புரி கெட்டிருந்தால் அடுத்த அளவுக்குப் புரி வெட்டலாம். அல்லது அந்தத் துளையை வெறுமையாக விட்டு, நான்கு ஆணிக் கூட்டை மூன்று ஆணியோடு மூடலாம். வாவிக்கரையின் மின்விசிறிகளைப் பார்த்தால் இரண்டாவது வழிக்கே ஆதரவு அதிகம். மோட்டார் சைக்கிள்களில் சிலுவைத் தலையைக் கைவிட்டு அறுகோணப் பள்ளமுள்ள அலன்கீ ஆணிகளை, புரியில் சிறிது கிரீஸ் பூசி, மாற்றுவோர் இப்போது கூடியிருக்கின்றனர். அவ்வாணிகளின் தலை உருளை வடிவானது. அறுகோணமும் ஒருநாள் வட்டமாகும். அப்போது, தலை குழிக்குள் அமிழ்ந்திராவிட்டால், வாளும் உளியும் வேண்டியதில்லை; குறட்டால் தலையை வெளியிலிருந்து பிடித்துத் திருப்பலாம்.