என் 400 சதுர அடியைக் காணவில்லை

அனுப்புநர்:
2-சி வீட்டின் உரிமையாளர் (வாங்கி ஓர் ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது, சங்கத்தின் பேச்சில் இன்னும் 'அந்தப் புதுசா வந்தவர்'),
மாட வீதியை ஒட்டிய சந்து,
மயிலாப்பூர், சென்னை 600 004.

பெறுநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
அடுக்கக உரிமையாளர்கள் நலச் சங்கம்.
(மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பதால் மூன்று பிரதிகள்.)

பொருள்: பிரிபடாத பாகமாக எனக்கு விற்கப்பட்ட 400 சதுர அடி மனையை நேரில் காட்டித் தருமாறு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது கிரயப் பத்திரம். 2. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. 3. மாடிப்படி அருகே மஞ்சளாகிக் கிடக்கும் 'மோட்டார் ரிப்பேர், நாளை சரியாகும்' என்ற தேதியில்லாத அறிவிப்பு.

ஐயா,

வீடு பார்க்க நான் முதன்முதலில் வந்த அன்று, கீழே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த செயலாளர் அவர்கள் தாமாகவே ஒன்று சொன்னார்: "இங்க தண்ணிக் கஷ்டமே கிடையாது சார். கிணறு இருக்கு." அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கிணறு இருக்கிறது. தண்ணீர் இருந்தால்தானே அதனால் கஷ்டம் வரும்?

ஏன் வாங்கினாய் என்று தாங்கள் கேட்கலாம். மயிலாப்பூர் என்ற பெயருக்குத்தான் வாங்கினேன். தெற்கு மாட வீதியில் காலையில் வந்திறங்கும் கீரைக்கட்டு, நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி நடைபாதையில் வரிசை கட்டும் கொலு பொம்மைகள், பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவம், இவையெல்லாம் கூப்பிடு தூரத்தில். தரகர் என்னைப் பால்கனியின் இடது ஓரத்தில் நிறுத்தி, சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, வெளியே சாயச் சொன்னார். "தெரியுதா சார்?" தெரிந்தது. கபாலீசுவரர் கோபுரத்தின் இரண்டு கலசங்கள். ஒரு கலசத்துக்கு இத்தனை லட்சம் என்று விலையில் ஏற்றியிருக்கிறார்கள் என்பது வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. அறுபத்துமூவர் அன்று வாசலில் நிறுத்திய வண்டியை வெளியே எடுக்கவும் முடியாது, வெளியே போன வண்டியை உள்ளே கொண்டுவரவும் முடியாது என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டு எஞ்சினியர் சுவரை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். "எப்ப கட்டினது?" 1984 என்றேன். "உங்களுக்கு என்ன வயசு?" நானும் 1984தான் என்றேன். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரில் யார் முதலில் விழுந்தாலும் அதற்குள் கடன் அடைந்திருக்க வேண்டும் என்பது வங்கியின் கவலை. 20 ஆண்டுத் தவணை கேட்டேன், 12 கொடுத்தார்கள். குறைத்தது கட்டடத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அடுத்து வக்கீல். தாய்ப் பத்திரத்தின் அசல் எங்கே என்றார். அது முன்னாள் செயலாளரின் பீரோவில் இருப்பதாகவும், பீரோ அவர் மகளோடு புனே போய்விட்டதாகவும் சங்கம் தெரிவித்தது. தாயில்லாப் பிள்ளையாக நகலை வைத்துக்கொண்டு வில்லங்கச் சான்று வாங்கினோம். முப்பது ஆண்டுகளில் அடமானம், பற்று ஏதும் காணோம். சுத்தம். பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றில் சங்கம் என்றொரு வில்லங்கத்தைக் குறிக்கக் கட்டமே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் பத்திரம் சொல்வது இது: இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில், பன்னிரண்டில் ஒரு பங்கான 400 சதுர அடி பிரிபடாத பாகம் எனக்குக் கிரயம். அதை நான் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கண்ணால் காணாத நிலத்துக்குக் கண்ணெதிரே எண்ணிக் கொடுத்த பணம். ஆள நான் தயார் ஐயா. எதை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இஞ்ச் டேப்போடு கீழே இறங்கினேன். 400 சதுர அடி என்றால் 20-க்கு 20. கிழக்கு மூலையில் அளந்தால் தலைவரின் துளசி மாடம் உள்ளே வந்தது. மேற்கே அளந்தால், 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாம் தோண்டிய குழி. அதற்கு மாடியிலிருந்து குழாய் இன்றுவரை வந்து சேரவில்லை. உடைந்த பூந்தொட்டிகளை அது பத்திரமாகச் சேகரித்துவருகிறது. தெற்கே அளந்தால் பொருளாளரின் பிரீமியர் பத்மினி. அது ஓடி நான் பார்த்ததில்லை. அந்த இடம் அவருக்குத் தனியாக விற்கப்பட்டதாம், ரசீது இருக்கிறதாம். பொது இடத்தில் உள்ள வண்டி நிறுத்தத்தைக் கட்டுநர் தனிச் சரக்காக விற்க முடியாது என்று மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "அது மும்பைக்கு" என்றார்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "உங்க இடம்னு தனியா கிடையாது சார். அந்த மனையில எங்க ஒரு பிடி மண்ணை எடுத்தாலும், அதுல பன்னெண்டுல ஒரு பங்கு உங்களுது." அப்படியானால் என் கைப்பிடி மண்ணில் பதினொரு பங்கு அடுத்தவர் சொத்து. குனிந்து மண்ணைத் தொட்டால் திருட்டு. அன்றிலிருந்து மனையில் செருப்போடுதான் நடக்கிறேன்.

சங்கத்தின் நடைமுறையில் நான் கண்ட விந்தை என்னவென்றால், பிரிபடாததாகப் பத்திரத்தில் எழுதிய நிலத்தைத் தவிர மற்ற எல்லாமே இங்கே பிரிந்திருக்கிறது. தென்னை மரத்தில் எனக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, தேங்காய் தரைத்தளத்துக்கு. மட்டை விழுந்து நசுங்கிய என் ஸ்கூட்டர் மட்டும் முழுக்க எனக்கே. மொட்டைமாடி பொது, அதில் மூன்றாம் மாடிக்காரர் போட்ட தகரக் கொட்டகை அவருடையது, அதிலிருந்து ஒழுகும் தண்ணீர் மறுபடி பொது. லிஃப்ட் கிடையாது என்பதால் அது ஒன்றில் சண்டையும் கிடையாது. மூன்றாம் மாடி மாமி கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குகிறார். இக்கட்டடத்தில் ஒழுங்காக ஏறி இறங்கும் ஒரே பொறி அந்தக் கூடைதான்.

மோட்டார் கதைக்கு வருவோம். குடத்திலிருந்த எலும்பையும் சாம்பலையும் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிப் பூம்பாவையாக எழுப்பிய தலம் இது என்கிறது புராணம். அதே ஊரில் ஒன்றரை எச்.பி. மோட்டாரை எழுப்ப நமக்கு ஆள் கிடைக்கவில்லை. புது மோட்டார், கழிவுநீர்க் குழாய் மாற்றம் இரண்டுக்கும் சேர்த்து மேஸ்திரி 96,000 ரூபாய் கேட்டார். வீட்டுக்கு 8,000. இதற்காகக் கூட்டம் போட்டோம். நேரில் வந்தவர் ஐவர். நால்வர் வெளிநாட்டிலிருந்து வாட்ஸப்பில். அவர்களில் இருவருக்கு அப்போது நள்ளிரவு. இரண்டு வீடுகள் வாரிசுகளுக்குள் கோர்ட்டில் இருப்பதால் யாரைக் கூப்பிடுவது என்பதே வழக்கு. ஒரு வீடு பூட்டியே கிடக்கிறது. வாட்ஸப் நால்வரில் மூவர் கட்டைவிரல் காட்டினார்கள். அது சம்மதமா, நலம் விசாரிப்பா என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் கருத்து வேறுபாடு. இறுதியில் ஒருவர் எழுந்து, இந்தச் சங்கத்தின் தாரக மந்திரத்தை உச்சரித்தார்: "எப்படியும் இடிக்கப்போற பில்டிங். அதுக்கு எதுக்கு சார் செலவு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். 2009-ஆம் ஆண்டு மினிட்ஸ் புத்தகத்திலும் இதே வாக்கியம் இருக்கிறது; நான் புரட்டிப் பார்த்தேன்.

ஐயா, இடிப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முன்பெல்லாம் ஓர் உரிமையாளர் முகம் சுளித்தாலே மறுகட்டுமானப் பேச்சு முடிந்துபோகும். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும். பன்னிரண்டில் எட்டு. அந்தச் செய்தி வந்த அன்று சங்கத்தில் லட்டு வழங்கினீர்கள். மோட்டாருக்கு எட்டுக் கை தூக்காத இடத்தில், கட்டடத்தை இடிக்க எட்டுக் கை உயரும் என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் கட்டுநர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? பஜ்ஜி தின்றுகொண்டே கால்குலேட்டரைத் தட்டினார். தளப் பரப்புக் குறியீடு 2019-இல் 1.5-லிருந்து 2 ஆனது. நம் 4,800 சதுர அடி மனையில் இப்போது 9,600 கட்டலாம். நம்மிடம் ஏற்கெனவே 700 வீதம் பன்னிரண்டு வீடு, அதாவது 8,400 இருக்கிறது. 4,800-க்கு 8,400 என்றால் குறியீடு 1.75. 1.5-க்கே இடமிருந்த மனையில் இது எப்படி முளைத்தது என்று அவர் கேட்டபோது பொருளாளர் பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் தள்ளினார். மிச்சம் 1,200 சதுர அடி. அதில்தான் அவருடைய கட்டுமானச் செலவு, லாபம், நமக்கு இரண்டு ஆண்டு வாடகை, அதோடு தலைவர் கேட்ட கூடுதல் படுக்கையறை, செயலாளர் கேட்ட வடக்குப் பார்த்த வாசல் எல்லாம் வர வேண்டும். பணம் கட்டிக் கூடுதல் குறியீடு வாங்கலாமே என்றீர்கள். அதற்குச் சாலை அகலம் வேண்டும். நம் சந்தில் ஓர் ஆட்டோவும் குப்பை வண்டியும் எதிரெதிரே வந்தால் இரண்டில் ஒன்று லஸ் முனைவரை பின்னாலேயே போக வேண்டும். அவர் கை கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படியே போய்விட்டார்.

அதாவது இந்தக் கட்டடத்தை யாரும் இடிக்கப் போவதில்லை. இடிக்கப் போகிறார்கள் என்பதற்காக நாம் பழுது பார்க்கப் போவதும் இல்லை. கடல் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று விரிசலுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு உப்பிப் பருத்துக் காங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. மாடிப்படியின் அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை மெட்ரோ ரயில் சுரங்கத்தின் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள். அந்த விரிசலின் மேல் ஒட்டியிருக்கும் காலண்டர் 2006-ஆம் ஆண்டினுடையது. கட்டடங்கள் வயதால் சாகும், வெள்ளத்தால் சாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம்பிக்கையால் சாகும் கட்டடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. என் 400 சதுர அடியைக் காட்ட முடியாவிட்டால், அது எங்கே இல்லை என்றாவது சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டவும்.

2. 'நாளை சரியாகும்' அறிவிப்பில் 'நாளை' என்பதை அடித்துவிட்டு ஏதேனும் ஒரு தேதி எழுதவும். பொய்த் தேதியானாலும் சம்மதம்.

3. மாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணத்தில் பராமரிக்கப்படுவது எது என்று தெரிவிக்கவும். பிரம்பு நாற்காலிக்கு அண்மையில் புதுப் பின்னல் போட்டிருப்பதைக் கவனித்தேன்.

4. கூடை மாமியைச் செயலாளராக்கவும்.

உண்மையை மறைக்க விரும்பவில்லை. சென்ற மாதக் கூட்டத்தில் மோட்டார் விவகாரம் மறுபடி வந்தது. 8,000 ரூபாய். அந்த மாதம் என் தவணை, சொத்து வரி, ஸ்கூட்டர் டிங்கரிங் எல்லாம் ஒன்றாக வந்திருந்தன. நான் எழுந்தேன். "எப்படியும் இடிக்கத்தானே போறோம்" என்றேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் முதல்முறையாக ஒரே நேரத்தில், ஒரே திசையில் தலையசைத்தார்கள். 'புதுசா வந்தவர்' என்ற பட்டம் அன்று எனக்கு இறங்கிவிட்டதாக நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பிரிபடாத,
2-சி.

இணைப்பு: இஞ்ச் டேப் 1 (திருப்பித் தரவும்).

பின்குறிப்பு: நேற்று மாலை 3-ஏ வீட்டைப் பார்க்க ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். செயலாளர் கோயிலுக்குப் போயிருந்ததால் நாற்காலி காலியாக இருந்தது; புதுப் பின்னல் எப்படி என்று பார்க்க உட்கார்ந்திருந்தேன். மேலே பால்கனியில் தரகர் அந்தப் பையனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். அந்தப் பெண் கீழே வந்து என்னிடம், "அங்கிள், இங்க தண்ணிலாம் எப்படி?" என்றாள். 2-சி நல்ல விலைக்குப் போக வேண்டுமானால் 3-ஏ நல்ல விலைக்குப் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

"தண்ணிக் கஷ்டமே கிடையாதும்மா," என்றேன். "கிணறு இருக்கு."