மூளிச் சுவர்

ஜிம் திறப்பு விழாவன்று என் மாமியார் மூச்சு வாங்க மாடியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று மாதம் நான் தூக்கம் கெட்டுச் செய்த வேலை. சந்தன நிறச் சுவர், தேக்கு நிறப் பலகை, எங்கிருந்து வருகிறதென்று தெரியாதபடி ஒளிந்திருக்கும் விளக்கு. “நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சுவரெல்லாம் மூளியாக் கெடக்கே, காசு பத்தலையா?” என்றார்.

மினிமலிசம் என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல் தேடி நானும் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இனி அந்தக் கவலை இல்லை.

நான் மதுரையில் இன்டீரியர் வேலை செய்கிறவன். பதினெட்டு வருஷம் செல்போன் கடை, ஜவுளிக் கடை, கல்யாண மண்டபத்து மணமேடை என்று ஜிகினாவிலேயே ஓடிவிட்டது. ஒரு சுவரில் நாலு நிறமும் அதற்கு மேல் எல்.இ.டி. பட்டையும் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் பில்லில் கை வைப்பார்கள். அப்படிப்பட்டவனிடம், அண்ணா நகரில் ஜிம் போடப்போகும் மச்சினன் ஒரு நாள் செல்போனை நீட்டினான். ஏதோ வெளிநாட்டு ஜிம்மின் படம். டிகாக்‌ஷன் குறைவாக விட்ட காபி நிறத்தில் சுவர். மரத் தரை. ஒரே ஒரு பெஞ்சு, ஒரே ஒரு ஜோடி டம்பெல். மூலையில் மண்தொட்டியில் ஒரு செடி. ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“இதுக்குப் பேரு வார்ம் மினிமல், மாமா.”

“ஏண்டா, மதுரை வெயிலுக்கு இன்னும் வார்ம் பண்ணணுமாக்கும்?” என்றாள் என் மனைவி. கலை தெரியாதவளைப் பார்க்கிற பார்வையில் நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

அந்தப் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வேலையைச் சுவரிலிருந்து தொடங்கினேன். இந்தப் பாணிக்கு உயிர் லைம் வாஷ். பெயின்ட் போல ஒரே சீராக இராது. மேகம் படர்ந்த மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். டப்பாவில் வருவதன் விலையைக் கேட்டுவிட்டு, நாமே கலந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். கொத்தனாரை உட்காரவைத்து விளக்கினேன். நீற்றிய சுண்ணாம்பு, கொஞ்சம் மஞ்சள் காவி, தண்ணீர். அகலமான பிரஷ்ஷால் குறுக்கும் நெடுக்குமாக இழுக்க வேண்டும், ஒரே பக்கமாக இழுக்கக் கூடாது. முழுக்கக் கேட்டுவிட்டு, “பொங்கலுக்கு அடிக்கிற வெள்ளைதானே சார்?” என்றார்.

“இல்லை, இது லைம் வாஷ்.”

“அதாவது, சரியா அடிக்காம விடணும். அவ்வளவுதானே?”

முப்பது வருஷமாகச் சரியாக அடித்துப் பழகிய கை. சரியாக அடிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் வாளியைத் தூக்கும்போது ஒரு வார்த்தை கேட்டார்: “கோந்து கலக்கட்டுமா சார்? இல்லேன்னா ஒட்டும்.” வேண்டாம், இயற்கையாக இருக்கட்டும் என்றேன்.

நிறம் தேர்ந்தெடுப்பதற்காகத் தெருப்பக்கத்துச் சுவரில் காவியும் வெள்ளையுமாகப் பட்டைப் பட்டையாக மாதிரி அடித்து வைத்திருந்தோம். கீழே பூக்கூடையோடு போன பாட்டி ஒருவர் நின்று, அண்ணாந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்தது வெளிச்சம். விளக்கின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2,700. நம் வீடுகளில் பளீரென்று எரியும் வெள்ளை விளக்கு 6,500. நான் 3,000 வாங்கச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் தம்பி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்பர் கூடினாத்தானே சார் சூடு கூடும்? கம்மியா இருக்கறதைப் போயி வார்ம்ங்கறீங்க?” இயற்பியல் முழுக்க அவர் பக்கம். எதையும் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், சூடு ஏற ஏறத்தான் வெளுக்கும். சூடு அதிகமானதைக் ‘கூல்’ என்றும் குறைந்ததை ‘வார்ம்’ என்றும் தலைகீழாகப் பேர் வைத்துக் காசு வாங்குவது எங்கள் தொழிலில்தான் நடக்கும்.

பள்ளிக்கூட நாளில் நான் போய்வந்த தேகப்பயிற்சி சாலை அப்போது நினைவுக்கு வந்தது. ஓட்டுக் கூரை, செம்மண் தரை, சுண்ணாம்புச் சுவர், 40 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டு கர்லாக்கட்டை. பவுடர் டப்பாவில் சிமென்ட் ஊற்றிக் கம்பி செருகிய டம்பெல். அவ்வளவுதான் சாமான். வாத்தியார் மாதம் ஐந்து ரூபாய் வாங்கினார், அதையும் பாதிப் பேர் கொடுக்கவில்லை. இன்றைக்கு மரத்தில் கடைந்த டம்பெல் என்று மச்சினன் காட்டிய விலைப்பட்டியலில் ஒரு ஜோடியின் விலைக்கு அந்தச் சாலையையே ஓட்டோடு சேர்த்து வாங்கியிருக்கலாம். மனுஷன் பேர் வைக்கத் தெரியாமல் போய்ச்சேர்ந்தார்.

தரை விஷயத்தில்தான் முதல் அடி விழுந்தது. அடி என்றால் நிஜமான அடி. ஜிம்களில் கறுப்பு ரப்பர் விரிப்பு போடுவது வழக்கம். பெரும்பாலும் பழைய டயரை அரைத்துச் செய்வது, அதனால்தான் கறுப்பு. படத்தில் இருந்தது மரத் தரை. நான் மர நிறத்தில் வினைல் ஒட்டினேன். கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவமனை. ஒலிம்பிக் கம்பி என்பது வெறும் கம்பியே 20 கிலோ. அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு இரண்டாக 20 கிலோ பிளேட்டை மாட்டித் தூக்கிய ஒரு பையன், இடுப்பளவு வந்ததும் திருப்தியாகி, பொத்தென்று போட்டான். இரண்டு நிமிஷத்தில் டாக்டர் முகக்கவசத்தோடு மேலே வந்துவிட்டார். வலது கை ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்திருந்தார்.

“பேஷன்ட் பயந்துட்டாரு” என்றார். “கடிச்சிட்டாரு.”

மறுநாளே 25 மில்லிமீட்டர் கனத்தில் கறுப்பு ரப்பர் வந்து இறங்கியது. கடை திறந்த முதல் வாரம் உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் யார் டயர் மாற்றுவது என்று கேட்கும் அளவுக்கு வாசனை.

சுவரின் முறை அடுத்து வந்தது. ஜிம்முக்கு வருகிறவர்கள் உடற்பயிற்சி செய்யும் நேரத்தைவிடச் சுவரில் சாய்ந்து நிற்கும் நேரம் அதிகம் என்பது எந்த டிசைன் புத்தகத்திலும் எழுதப்படாத உண்மை. பத்து எடுப்பு எடுத்துவிட்டுச் சாய்வார்கள், செல்போன் பார்ப்பார்கள், மறுபடி சாய்வார்கள். ஈர பனியனோடு சாய்ந்து நிமிர்ந்தால் முதுகு முழுக்கச் சந்தனக் காப்பு. கம்பி வழுக்காமலிருக்க உள்ளங்கையில் பூசிக்கொள்வார்களே ஒரு வெள்ளைப் பொடி, அது மக்னீசியம் கார்பனேட். சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் காய்ந்தால் கால்சியம் கார்பனேட். ஆக, கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று நான் இலவச சேவை செய்துகொண்டிருந்தேன். துவைக்கிற அம்மாக்கள் மச்சினனுக்கு போன் போட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் வெளிச்சத்தால் வந்த வினைக்கு முன்னால் ஒன்றுமில்லை. நாலாவது நாள் நல்ல உடற்கட்டுள்ள ஒரு தம்பி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கட்டு தெரிய மாட்டேங்குது.”

தசையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிழல் விழுந்தால்தான் கட்டு. உச்சந்தலைக்கு மேலே முரட்டு விளக்கு ஒன்று எரிந்தால் வயிற்றில் ஆறும் கணக்காகத் தெரியும். நான் வைத்ததோ கூரையில் பட்டுத் திரும்பி, நாலாபக்கமும் பால் போலப் பரவுகிற ஒளி. அதில் நிழலே கிடையாது. ஆறும் சேர்ந்து ஒன்றாகிவிடும். என்னுடையது முன்பே ஒன்றுதான் என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“ஆறு மாசம் முட்டை வெள்ளையா முழுங்கி ஏத்துனதுண்ணே. உங்க லைட்டு ஒரே நாள்ல கரைச்சிருச்சு” என்றார். குரல் தழுதழுத்தது. அன்று சாயங்காலமே கண்ணாடிக்கு எதிரே 6,500 கெல்வினில் ஒரு ஸ்பாட் லைட் மாட்டினோம். இப்போது அதன் கீழே நிற்பதற்குத்தான் ஜிம்மிலேயே நீளமான வரிசை.

ஹெல்மெட்டை வேறு மறந்துபோனேன். பொருள் எதுவும் கண்ணில் படாமல் இருக்க நாற்பது அறையுள்ள அழகான அலமாரி செய்திருந்தேன்; ஒவ்வோர் அறையும் ஒன்பது அங்குல உயரம். ஹெல்மெட் அதற்குள் போகாது. மாலை ஆறு மணிக்கு ரப்பர் தரையில் நாற்பது ஹெல்மெட் வரிசையாக உட்கார்ந்திருக்கும், கோயில் வாசல் தேங்காய்க் கடை போல.

டிரெட்மில்லில் நடக்க வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கோபம் வேறு ரகம். மனம் ஒருமுகப்படட்டும் என்று மூன்று டிரெட்மில்லையும் வெற்றுச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தேன். “தம்பி, சேட்டை பண்ற பயலுகளைத்தான் நான் சுவத்தைப் பாத்து நிக்க வைப்பேன். இப்ப மாசம் ஆயிரம் ரூவா குடுத்து நானே நிக்கிறேன்” என்றார். அவர் அறியாமல் சொன்னது சரித்திரம். 1818-இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் டிரெட்மில்லின் பாட்டனான மிதிசக்கரத்தை வடிவமைத்தது சிறைக் கைதிகளுக்காகத்தான். சில சிறைகளில் ஆளுக்கு ஆள் தடுப்பு வைத்து, பக்கத்தில் இருப்பவனோடு பேசவிடாமல் மிதிக்க வைத்தார்கள். இதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். மறுவாரம் அந்தச் சுவரில் 43 அங்குல டி.வி. ஏறியது.

அதன் பிறகு அணை உடைந்தது. ஆஞ்சநேயர் இல்லாமல் ஜிம்மா என்றான் மச்சினன், நியாயம்தான், வந்தார். அவர் வந்த பின் அர்னால்டு இல்லாமல் எப்படி? ஏழு தடவை மிஸ்டர் ஒலிம்பியா வாங்கியவர். 2014-இல் ‘ஐ’ படத்துப் பாட்டு வெளியீட்டுக்குச் சென்னை வரைக்கும் வந்துபோன மனுஷன். ஆறடிக்கு நாலடி பிளெக்ஸில் அவரும் வந்தார். ஆஞ்சநேயர் ஒற்றைக் கையில் மலையைத் தூக்கிக்கொண்டிருக்க, அர்னால்டு பக்கத்தில் எதையும் தூக்காமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். திறப்பு விழாவுக்கு மொய்யாக வந்த சுவர்க் கடிகாரங்கள் ஏழு. கொடுத்தவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். ஒன்றை மாட்டி ஒன்றை மாட்டாமல் இருக்க முடியுமா? ஏழும் மாட்டப்பட்டன. ஏழும் ஏழு மணி காட்டுகின்றன. ஆயுத பூஜையன்று எந்திரம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்குவாட் ரேக்கில் வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட்டும் போட்டார்கள். மாமியார் வந்து பார்த்து, “இப்பத்தான் மாப்பிள்ளை களையா இருக்கு” என்றார்.

இந்த மொத்தக் கதையிலும் என் கட்சியில் நின்றவர் ஒரே ஒருவர்: வாஸ்துக்காரர். கனமான சாமான்களைத் தென்மேற்கே கன்னி மூலைக்குத் தள்ளச் சொன்னவர், வடகிழக்கைக் காட்டி, “ஈசானிய மூலையில ஒண்ணும் வைக்காதீங்க. வெறுமனே கெடக்கட்டும்” என்றார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. எந்தக் கட்டடக்கலைப் பேராசிரியர் சொல்லியிருந்தாலும் மச்சினன் கேட்டிருக்க மாட்டான். இவர் சொன்னதும் அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில்கூட வைக்கவிடுவதில்லை.

அதனால் வடகிழக்கில் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு சுவர் இன்னும் நான் நினைத்தபடியே இருக்கிறது. காலை ஏழரை மணி சுமாருக்குப் பக்க ஜன்னல் வழியே வெயில் அதன்மேல் சாய்ந்து விழும். கொத்தனார் சரியாக அடிக்காமல் விட்ட திட்டுகள் அப்போதுதான் தெரியும். அண்ணா நகர்ப் பக்கம் போகிறவர்கள் மாடியேறிப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். சாய மட்டும் சாயாதீர்கள். அதில் கோந்து கலக்கவில்லை.