விரல் பாவம்

ஒரகடத்து ஆலைகளில் ஒரே லைனில் ஒரே போல்ட்டை முடுக்கும் இருவரில் ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் கான்ட்ராக்ட். வேலை ஒன்று, சலுகை வேறு. இந்த ஞானம் லினக்ஸுக்கும் உண்டு.

லேபிள் அச்சடிக்கும் புரோகிராமை ஷிஃப்ட் இன்ஜினியர் டெர்மினலில் ஓட்டுகிறார். பிரிண்டர் சமர்த்தாக லேபிளைத் துப்புகிறது. "பாத்தியா தம்பி, ஓடுதில்ல?" ஆபரேட்டர் அதே புரோகிராமின் ஐகானை இருமுறை தட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை, எரர் என்று ஒப்புக்குக்கூட ஒரு வரி இல்லை. "சார், எனக்கு மட்டும் ஓட மாட்டேங்குது." தீர்ப்பு தயாராக இருக்கிறது: "நீ தட்டுற விதம் சரியில்ல."

நடந்தது வேறு. புரோகிராம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'பாத்' வரியை இன்ஜினியர் 'பாஷ்ஆர்சி' கோப்பில் எழுதி வைத்திருக்கிறார். டெர்மினலைத் திறந்ததும் பாஷ் ஷெல் அதைப் படித்துக்கொள்ளும். ஐகான் வழியே கிளம்பும் புரோகிராமோ டெஸ்க்டாப் செஷனின் பிள்ளை. லாகின் நேரத்தில் செஷனுக்குக் கிடைத்ததுதான் அதற்குச் சொத்து. ஷெல்லின் தனிக் கோப்பை அது எட்டிக்கூடப் பார்க்காது.

மருந்து எளிது. அந்த முகவரியை 'இடிசி' அடைவிலுள்ள 'என்விரான்மென்ட்' கோப்பின் 'பாத்' வரியில் சேர்க்கலாம். அல்லது ஐகான் கோப்பிலேயே புரோகிராமின் முழு முகவரியையும் எழுதிவிடலாம். முதல் வழியென்றால் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். எதற்கெடுத்தாலும் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று ஐடி டிபார்ட்மென்ட் சொல்வது பலிக்கும் அபூர்வ இடம் இது. அதுவரை ஆபரேட்டரின் விரலைத் திட்டாதீர்கள்.