தாண்டிக் கொடுப்பவர்

"இப்படிக் குடு, இந்த ஒரு எடத்த மட்டும் தாண்டிக் குடுத்துடறேன்" என்று சொல்லி ஜாய்ஸ்டிக்கை வாங்கிக்கொண்டவர், அந்த ஒரு இடத்தோடு நிறுத்திக்கொண்டு அதை உரியவனிடம் ஒப்படைத்தார் என்ற சரித்திரம் எந்தத் தெருவிலும் கிடையாது. டிவி கேம் பெட்டியை வாங்கித் தந்தவர் உங்கள் தகப்பனாராக இருக்கலாம். தீபாவளிக்குப் புதுச்சட்டையே வேண்டாம் என்று மாதக்கணக்கில் தவமிருந்து அதை வரமாகப் பெற்றவர் நீங்களாக இருக்கலாம். பாட்டி பார்த்துக்கொண்டிருந்த தொடரைப் பாதியில் நிறுத்தி, அவளுடைய சாபத்தையும் சிரமேல் தாங்கி, தொலைக்காட்சியைக் கைப்பற்றியவரும் நீங்களே ஆகலாம். இந்தத் தியாகங்களில் எள்ளளவும் பங்குகொள்ளாத ஒருவர், திரையில் உங்கள் பொம்மை பள்ளத்தின் விளிம்பை அடைந்த அந்தக் கணத்தில், உங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்ற ஒரே யோக்கியதையை முன்னிட்டுக் கையை நீட்டுகிறார். பெரியவர்கள் கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பாவத்துக்காக நீங்களும் கொடுத்துவிடுகிறீர்கள்.

அவர் வந்து சேரும் முறையே தனி. முதலில் வாசற்படியில் நிற்பார். உள்ளே வரச் சொன்னால், "இல்ல, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார். பிறகு பாயின் ஓரத்தில், எழுந்து போகிறவர்போல் ஒரு பாவனையோடு உட்காருவார். மாரியோ குதித்தால் அவர் தோள் உயரும். மாரியோ காளானைத் தவறவிட்டால் அவர் நாக்கு 'ச்சு' கொட்டும். அதன்பின் உபதேசம் தொடங்கும். "ஓடு... நில்லு... இப்ப இல்ல... இப்ப, இப்பதான்டா!" என்று அவர் இடும் ஆக்ஞைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு, அவை எப்போதும் செய்யவேண்டிய கணத்துக்கு அரை நொடி பின்னால்தான் வந்து சேரும். கேட்டுக் குதித்தவன் குழியில் விழுவான். கேளாமல் குதித்துப் பிழைத்தவனுக்கோ, "நான் சொன்னதாலதான் தப்பிச்ச" என்ற நற்சாட்சிப் பத்திரம் கிடைக்கும். இந்தப் பூர்வாங்கங்கள் முடிந்த பிறகே அந்தக் கை நீளும்.

வாங்கியாயிற்று. அந்த இடத்தையும் தாண்டியாயிற்று. அதில் அவர் சாமர்த்தியத்தைக் குறை சொல்ல இயலாது. நாம் கையை நீட்டுகிறோம். அவர் கண் திரையைவிட்டு அகலாமலே, "இரு, இதுக்கு அடுத்த எடம் இன்னும் கஷ்டம், ஒனக்கு வராது" என்கிறார். அதற்கு அடுத்தது அதைவிடக் கஷ்டம். அதற்கும் அடுத்தது, கோட்டைக்குள் இருக்கும் பூதம். பந்தி தொடங்குமுன் உப்புப் பார்க்கிறேன் என்று வந்தவர் அண்டாவைக் காலி செய்துவிட்டு ஏப்பம் விட்டது போல, ஒரு பள்ளத்தில் ஆரம்பித்த பரோபகாரம் ஓர் உலகத்தையே விழுங்கி முடியும். கடைசியில் அவருக்கும் லைஃப் போகும். அப்போது குற்றம் பட்டனுடையது, அல்லது மின்சாரத்தினுடையது, அல்லது பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நம்முடையது. மிச்சமிருந்த லைஃப்களும் ஒவ்வொன்றாகப் போய், 'கேம் ஓவர்' என்ற எழுத்துத் திரையில் தோன்றிய பிறகு, அவர் அந்த ஜாய்ஸ்டிக்கை மிகுந்த தாராள சிந்தையோடு நம் மடியில் வைத்து, "ம், இந்தா, இனிமே நீ ஆடு" என்பார்.

1985-இல் ஜப்பானில் வெளிவந்து, பல ஆண்டுகள் கழித்து நம் ஊரில் நகல் கேசட்டுகளாக வந்திறங்கிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இவருக்காகவே எழுதப்பட்ட சாசனமோ என்ற சந்தேகம் எனக்கு நெடுநாள் இருந்தது. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், ஆக 32 கட்டங்கள் கொண்ட அந்த ஆட்டத்தை இருவர் ஆடலாம் என்று முதல் திரையே அறிவிக்கும். ஆனால் மாரியோவுக்கு ஒரு லைஃப் போன பிறகுதான் லூயீஜிக்கு முறை வரும். மாரியோ என்றைக்கும் அவர். லூயீஜி என்றைக்கும் நாம். அவருக்கோ லைஃப் போவது அமாவாசைக்கு ஒருமுறை. மூன்றாம் உலகத்தின் முதல் கட்டத்தில், படிக்கட்டின்மேல் இறங்கி வரும் ஆமையின் ஓட்டைப் பதமாக மிதித்துத் துள்ளிக்கொண்டே இருந்தால் லைஃப் ஏறிக்கொண்டே போகும் என்பதை எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்து, சிரத்தையோடு அதை மிதித்துக்கொண்டே இருந்தார். தம்முடைய ஆயுளை அவர் இவ்வாறு விருத்தி செய்துகொண்டிருக்க, பக்கத்தில் ஒரு ஜீவன், பிடித்த ஜாய்ஸ்டிக் வியர்வையில் வழுக்க, தனக்கும் ஒரு முறை வரும் என்று நம்பிக்கொண்டு சாயங்காலத்தை இரவாக்கியது. கடைசியில் லூயீஜி எழுந்து இரண்டடி நடந்து முதற்காளானின் எதிரில் வந்து நின்றபோது, வலப்பக்கத்திலிருந்து அந்தக் கை நீண்டது.

யந்திரமும் அவர் பக்கந்தான். 1983-இல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாமில் இரண்டாம் ஆட்டக்காரனுடைய ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், ஸெலக்ட் என்ற இரண்டு பட்டன்களும் கிடையாது. அவற்றுக்குப் பதிலாக அதில் ஒரு மைக் வைத்திருந்தார்கள். நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகள் பலவற்றில் அந்தப் பட்டன் இல்லாத குறையை மட்டும் விசுவாசத்தோடு நகல் செய்து, மைக்கை விட்டுவிட்டார்கள். ஆகையால் இரண்டாமவனுக்கு ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் இல்லாமற் போயிற்று, வாய்விட்டுப் புலம்ப ஒரு சாதனமும் இல்லாமற் போயிற்று.

'காண்ட்ரா' என்ற ஆட்டத்தில் இருவரும் ஒரே சமயத்தில் ஆடலாமே என்பீர்கள். ஆடலாம். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப் கிடைக்கும் என்ற ரகசியத்தை, அவர் குரு சிஷ்யனுக்குச் செவியில் ஓதுவது போலத்தான் எங்களுக்கு ஓதினார். கொனாமி நிறுவனத்தைச் சேர்ந்த கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1986-இல் 'கிராடியஸ்' என்ற ஆட்டத்தை வீட்டு யந்திரத்துக்கு மாற்றியமைத்தபோது, அதைச் சோதித்துப் பார்க்கத் தம்மாலேயே ஆட முடியாத அளவுக்கு அது கடினமாயிருக்கக் கண்டு, தம் சௌகரியத்துக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. பிற்பாடு காண்ட்ராவுக்கும் வந்து சேர்ந்தது. ஆட்டத்தைச் செய்த மனிதரே கஷ்டம் வந்த இடத்தில் அடுத்த மேஜைக்காரரைக் கூப்பிட்டுத் தாண்டித் தரச் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அது நிற்க. இருவர் ஆடவேண்டுமானால் அந்த வரிசை முடிந்ததும் ஸெலக்ட்டை அழுத்தி, அதன்பின் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். பத்து பட்டன்களின் வரிசையை உறக்கத்திலும் பிசகாமல் சொல்லக்கூடிய அவருக்கு, அந்தப் பதினோராவது பட்டன் மட்டும் ஏனோ ஞாபகத்துக்கு வருவதே இல்லை.

தப்பித் தவறி ஸெலக்ட் அழுந்திவிட்டாலும் மூன்றாம் கட்டத்து அருவி இருக்கிறது. அங்கே பாறை பாறையாக மேலே ஏற வேண்டும். ஒருவர் முந்தி ஏறினால் திரையும் அவரோடு ஏறும். கீழே தங்கிவிட்டவனுக்குத் திரையின் அடிவிளிம்பே மரணம். அவர் முந்தி ஏறுவார். "அண்ணா, இருங்கண்ணா, நான் கீழ இருக்கேன்" என்று நாம் கதறுவோம். "சீக்கிரம் வாடா" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு பாறை ஏறுவார். இப்படி நம் லைஃப்களையெல்லாம் அருவிக்கே தாரை வார்த்துவிட்டு, "நீ செத்துட்டல்ல, பாரு, எப்படி ஆடறேன்னு பாத்துக் கத்துக்க" என்பார்.

அவருக்கு வேறு குணங்களும் உண்டு. கேசட்டின் அடிவாயில் ஊதுவதை ஒரு வைதிக கர்மம் போலச் செய்வார். மூச்சின் ஈரம் அதன் உலோகப் பற்களுக்குக் கெடுதல் என்று பின்னாளில் யாரோ சொன்னதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. வாத்துச் சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியின் வாயைத் திரையில் ஒட்டவைத்துச் சுட்டுவிட்டு, மார்பை நிமிர்த்துவார். அந்த ஆட்டத்தில், ஒருவர் சுடும்போது இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கை அசைத்து வாத்தின் போக்கைத் திருப்பலாம் என்ற ஏற்பாடு ஒன்று உண்டென்ற செய்தி, பழிவாங்கும் சந்தர்ப்பங்களெல்லாம் கடந்துபோன பிறகுதான் என் காதுக்கு எட்டியது.

கம்ப்யூட்டர் வந்தது, அவரும் வந்தார். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில் இளவரசியை மீட்க நமக்கு அளிக்கப்படுவது சரியாக 60 நிமிஷம். முள்ளுக்குழியின் அருகே நான் ஒரு நிமிஷம் யோசித்து நின்றது பொறுக்காமல் கீபோர்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் பின்னால் போய், எந்த ஓட்டில் கால் வைத்து, எப்போது தாவ வேண்டும் என்று வியாக்கியானம் செய்யத் தொடங்குவார். வியாக்கியானம் முடிவதற்குள் இளவரசியின் ஆயுளில் பத்து நிமிஷம் கரைந்துபோயிருக்கும். 1989-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தம் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு, அதைப் படம்பிடித்து, அந்த அசைவுகளிலிருந்தே இளவரசனுக்கு நடை கொடுத்தார் என்பார்கள். அண்ணன் என்றால் அவரல்லவோ அண்ணன்! தம்பியை ஓடவிட்டுவிட்டுத் தாம் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆடிய நாட்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்றானதால், இவருடைய தொல்லை ஒருவாறு ஒழிந்ததென்று எண்ணி மகிழ்ந்தோம். அந்த ஆட்டத்தில் சுடப்பட்டுச் செத்தவன், சுற்று முடியும்வரை உயிரோடிருப்பவர்களின் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு விதி இருப்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அவர் முதலில் செத்துவிடுவார். செத்தபின் மூன்று நாற்காலிகள் தாண்டி அவர் குரல் கிளம்பும்: "பின்னாடி பாரு, பின்னாடி பாரு, பெட்டிக்குப் பின்னாடி இருக்கான்." உயிரோடிருந்தபோது கண்ணில் படாத எதிரியெல்லாம் இறந்தபின் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். பிறகு நாற்காலி நகரும் ஓசை கேட்கும். மவுஸின் மேல் இருக்கும் என் கையின்மேல் அவர் கை வந்து அமரும்.

இவ்வளவும் சொன்னவன் ஒன்றைச் சொல்லாவிட்டால் தர்மமாகாது. மாரியோ ஆட்டத்தில், முதல் உலகத்து இரண்டாம் கட்டத்தின் கூரைமேல் ஏறி நடந்தால் நேரே நான்காம் உலகத்துக்கு இறங்கும் குழாய் இருக்கிறதென்று எங்களுக்குக் காட்டியவர் அவர்தான். புதுக் கேசட் கிடைத்தால் மழையில் தாம் நனைந்து, அதைச் சட்டைக்குள் நனையாமல் எடுத்து வருவார். இரவல் கொடுத்துக் காசு கேட்கும் புத்தி அவர் பரம்பரைக்கே கிடையாது. பெட்டியின் அடாப்டர் புகைந்த அன்று, அது தம்மால் நேர்ந்ததென்று என் தகப்பனாரிடம் பழியை ஏற்றுக்கொண்டு திட்டு வாங்கியவரும் அவரே. நாங்கள் தோற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்பது மெய்; அது எங்கள்மேல் வைத்த வாஞ்சையாலா, தோற்பதன்மேல் வைத்த வெறுப்பாலா என்று அவருக்கே தெரிந்திராது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. காண்ட்ராவுக்கு எட்டுக் கட்டங்கள். கடைசிக் கட்டம் முடிந்ததும் ஹெலிகாப்டர் ஒன்று தீவிலிருந்து எழும்பிப் போகும். பின்னால் அந்தத் தீவு வெடித்துச் சிதறும். அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என் வீட்டில், என் பெட்டியில், என் பாயில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறையேனும் என் விரலால் அந்த ஹெலிகாப்டரைக் கிளப்பியதில்லை. என் பிள்ளைப் பிராயத்து வீரச்செயல்கள் யாவும் இன்னொருவர் செய்தவை. இதை நகைச்சுவையாகச் சொல்ல முயன்று பார்த்தேன்; வரவில்லை. எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். விழுந்து விழுந்து செத்திருந்தாலும் அது என் சாவாக இருந்திருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து ஜூன் விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன் தன்னுடைய பழைய வீ யந்திரத்தையும் கொண்டு வந்திருந்தான். அதில் 2009-இல் வெளியான 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' ஓடிக்கொண்டிருந்தது. தனியாக ஆடும் பிள்ளை ஒரே கட்டத்தில் எட்டு முறை செத்துவிட்டால், திரையில் பச்சைநிறக் கட்டை ஒன்று தோன்றுகிறது. இஷ்டமிருந்து அதை முட்டினால் லூயீஜி வந்து அந்தக் கட்டத்தைத் தானே ஆடிக் காட்டுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை விரும்பினால் பாதியிலேயே ஆட்டத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். நின்டெண்டோக்காரர்கள் நம் தெரு மனிதரை எங்கோ சந்தித்து, அவருக்கு மரியாதை கற்றுக்கொடுத்து, பெட்டிக்குள் குடிவைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது. எட்டு உயிர் போகும்வரை வாய் திறவாத பொறுமை, கூப்பிட்டால் ஒழிய வராத நாகரிகம், கேட்ட மாத்திரத்தில் திருப்பித் தரும் நாணயம்! அதிலும் அந்த உத்தியோகம், காலமெல்லாம் முறைக்குக் காத்திருந்த லூயீஜிக்குக் கிடைத்ததில் எனக்கு அந்தரங்கமாக ஒரு திருப்தி.

அன்றைக்கு அவரும் வந்திருந்தார். தலை பாதி நரைத்து, கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி, தூரத்தில் பார்க்க ஒரு கண்ணாடி என்று ஆகிவிட்டது. மருமகன் ஒன்பதாம் முறை முயலாமல் கட்டையை முட்டினான். லூயீஜி ஓடத் தொடங்கினான். இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் வரவரக் கோணிற்று. லூயீஜி வழியிலிருந்த பெரிய நட்சத்திரக் காசைப் பொருட்படுத்தாமல் கடந்து போனதும், அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"தம்பி," என்றார், "அவன மொதல்ல நிறுத்து. அவனுக்கு ஆடத் தெரியல."